பாகு ஊறிய 76 நாள்: ஈப்போவில் ஒரு மூன்கேக் அனுபவம்

2024ஆம் ஆண்டு செப்டம்பரில், சீனர்களின் முழுநிலாப் பெருநாளுக்காக நான் செய்த பன்னிரண்டு மூன்கேக்குகளில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க முடியவில்லை. மேலே இருக்க வேண்டிய பூவேலைப்பாடு ஓவனுக்குள் போன சற்று நேரத்தில் கரைந்து மொழுக்கையாகிவிட்டது. நடுப்பகுதி தொப்பை போட்டதைப் போல உப்பி, நான்கு கேக்குகள் அடியில் வெடித்தன. மூன்று நாள் மூடி வைத்த பிறகும் மேலோடு ரஸ்க்கைப் போல நொறுங்கியது. போதாக்குறைக்கு, வாயில் வைத்தால் சவர்க்கார வாடை வீசியது. 2025 அக்டோபர் 6ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, அதே ஓவனிலும் பக்கத்து வீட்டு ஓவனிலுமாகச் சுட்டு வைத்திருந்த பதினாறு கேக்குகளில் பதினான்கு தட்டுக்குப் போகும் தரத்தில் இருந்தன. இடைப்பட்ட ஓராண்டில் எதை மாற்றினேன், எதில் மறுபடியும் சறுக்கினேன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தபடியே இங்கே தருகிறேன்.

நடு இலையுதிர்கால விழா என்று நாளிதழ்கள் எழுதுவதும், பேச்சில் மூன்கேக் பெருநாள் என்றும் தாங்லோங் பெருநாள் என்றும் நாம் சொல்வதும் ஒன்றுதான். சீனச் சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், முழுநிலா இரவு. ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மாதங்களும் அவர்களுக்கு இலையுதிர்காலம் ஆகையால், எட்டாம் மாதத்தின் நடுநாள் பருவத்துக்கே நடுநாள் ஆகிறது. பண்டைச் சீனாவின் சோவ் மரபு அரசர்கள் வசந்தத்தில் சூரியனையும் இலையுதிர்காலத்தில் சந்திரனையும் வழிபட்டதாகப் பழைய சடங்கு நூல்கள் சொல்கின்றன. தாங் காலத்தில் (618–907) முழுநிலாவைப் பார்த்துக் களிப்பது வழக்கமாகி, சோங் காலத்தில் ஊரறிந்த பெருநாளாக நிலைத்தது. மூன்கேக் அந்த நாளுக்கே உரிய பண்டமானது அதற்கும் பிறகு, மிங் காலத்தில். நெல்லும் சேப்பங்கிழங்கும் வீடு வந்து சேரும் சமயம் என்பதால், புது விளைச்சலை நிலாவுக்கு முன் வைத்து நன்றி சொல்லும் அறுவடை நாளாகவும் அது இருந்தது. மலேசியாவில் இருக்கும் எங்கள் ஈப்போவில் இலை உதிரும் பருவமே கிடையாது. அந்த மாதங்களில் மழைதான் கூடும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பருவத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பெருநாளை மட்டும் கொண்டு வந்தார்கள். அதனால்தான் எங்கள் ஊரில் மூன்கேக் என்றால் பெரும்பாலும் குவாங்டோங் மக்களின் கண்டோனிய வகை: மெல்லிய மென்மையான மேல்மாவு, உள்ளே தாமரை விதைப் பூரணம், அதன் நடுவே நிலாவாக ஓர் உப்பிட்ட வாத்து முட்டைக் கரு.

எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கண்டோனியப் பாட்டி. கண்டோனிய மொழியில் பாட்டியைப் ‘போ போ’ என்று அழைப்பார்கள். நான் வேலிக்கு இப்பால் நின்று அப்படிக் கூப்பிட்டதை முதல் முறை கேட்டபோது, வயதான மனுஷியை விரட்டுகிறேன் என்று நினைத்து அம்மா என்னைக் கண்டித்தார். போ போ என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். பேச்செல்லாம் சந்தை மலாயில். என் முதல் தோல்வியைக் கையில் வாங்கிப் பிட்டுப் பார்த்து, “பாகு இன்னும் குழந்தை, தம்பி. குழந்தையைப் போய் வேலைக்கு அனுப்பலாமா?” என்று கேட்டார். குறை எங்கே என்று அப்போதுதான் புரிந்தது.

பாகில் நான் செய்த தவறு எங்கள் வீட்டு அதிரசத்திலிருந்து வந்தது. அம்மா பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு வந்தால் இறக்கிவிடுவார். நானும் 2024இல் அதே உருட்டுப் பதம் பார்த்து, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி மட்டும் விட்டு, இருபத்தைந்தே நிமிடத்தில் இறக்கி, மூன்றாம் நாளே மாவில் சேர்த்தேன். பாட்டிலின் அடியில் அதற்குள் சர்க்கரை மணல் மணலாகப் படிந்திருந்தது. அதிரசப் பாகு உடனே மாவோடு சேர்ந்துவிடும். மூன்கேக் பாகோ மாதக்கணக்கில் உறையாமல் தேனைப் போல இருக்க வேண்டும். புளிப்பும் நீண்ட நேரச் சிறுதீயும் சேர்ந்து சர்க்கரையை உடைத்தால்தான் அது நடக்கும்.

2025இல் ஜூலை 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாகு காய்ச்சினேன். சீனி 1 கிலோ, தண்ணீர் 500 மில்லி, எலுமிச்சைச் சாறு 60 மில்லி, மெல்லிய எலுமிச்சை வில்லைகள் இரண்டு. அடிகனமான பாத்திரத்தில் சீனி கரையும் வரை மட்டும் கிளறி, கொதி வந்த பிறகு கரண்டியே வைக்கவில்லை. பாத்திரத்தின் பக்கச் சுவரில் தெறித்து ஒட்டும் சீனித் துகளை நனைத்த தூரிகையால் கீழே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். மிகச் சிறிய தீயில் 55 நிமிடம் ஆனபோது வெப்பமானி 114 பாகை காட்டியது. நிறம் அடர்ந்த தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இறக்கி ஆற வைத்து நிறுத்தால் சுமார் 1 கிலோ 200 கிராம். சூட்டில் அது தண்ணீராக ஓடுவதைப் பார்த்து மறுபடியும் அடுப்பில் ஏற்றத் தோன்றும், ஏற்றக் கூடாது. ஆறினால் தானாகக் கெட்டிப்படும். ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்தேன்.

இதில் நாட்காட்டியும் எனக்கு உதவியது. 2024இல் பெருநாள் செப்டம்பர் 17. 2025இல் ஆறாம் மாதம் இரட்டித்து அதிக மாதமாக வந்ததால், பெருநாள் அக்டோபர் 6க்குத் தள்ளிப் போயிற்று. ஆக, மாவு பிசைந்த நாள் வரை பாகுக்கு 76 நாள் ஊறல் கிடைத்தது. இரண்டு வாரம் போதும் என்பவர்கள் உண்டு. போ போவின் புட்டியில் இருந்ததோ முந்தைய ஆண்டுப் பாகு. கருஞ்சிவப்பாக, எலுமிச்சை மணம் முற்றிலும் அடங்கிப் போயிருந்தது.

ஆகஸ்டு நடுவில், கடையில் வாங்கிய சிவப்புப் பயற்றுப் பூரணத்தை வைத்து ஒரு சோதனை ஓட்டம் நடத்தினேன். அதற்கு முன் 25 ரிங்கிட் கொடுத்து ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். இந்த முழு முயற்சியில் மிக உருப்படியான செலவு அதுதான். குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 200 இருந்தது. முந்தைய ஆண்டு கேக்குகள் வெடித்ததில் பாதிப் பழி அந்த இருபது பாகையைச் சேரும். மீதிப் பழி பூரணத்தைச் சேரும் என்பது சோதனையில் தெரிந்தது: கடைப் பூரணம் ஈரமாக இருந்ததால் சரியான சூட்டிலும் மூன்று கேக்குகள் அடியில் பாவாடை விரித்தாற்போலச் சரிந்தன. அன்று மிஞ்சிய மேல்மாவில் போ போ பன்றிக்குட்டி வடிவம் செய்து, எள்ளைக் கண்ணாக ஒட்டிச் சுட்டுக் கொடுத்தார். சந்தையில் இவற்றைச் சிறு பிளாஸ்டிக் கூடைகளில் அடைத்துத் தொங்கவிட்டுப் பிள்ளைகளுக்கு விற்பார்கள். கேக்கைச் சுடுவதற்கு முன் மாவும் சூடும் சரிதானா என்று பார்க்க, பூரணம் வைக்காமல் ஒரு துண்டைச் சுட்டுப் பார்த்ததில் வந்த பழக்கம் இது என்று அவர் சொன்னார். வீணாகும் மாவைக் கொண்டு சோதனை பார்த்து, அதையே விற்பனைப் பண்டமாகவும் ஆக்கிய அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்டு 31, சுதந்திர தின விடுமுறையன்று வாத்து முட்டைகளை உப்பில் போட்டேன். முட்டை பன்னிரண்டு, தண்ணீர் 1.2 லிட்டர், உப்பு 350 கிராம், அன்னாசிப்பூ இரண்டு. உப்பைக் கொதிக்கும் நீரில் கரைத்து முழுதாக ஆற வைத்து, கழுவித் துடைத்த முட்டைகள் மூழ்கும்படி ஊற்றி, மேலே மிதக்காமல் ஒரு சிறு தட்டை வைத்து அழுத்தினேன். சாம்பல் பூசி விற்கும் உப்பு முட்டையைச் சந்தையிலேயே வாங்கலாம், ஆனால் அவித்த முட்டையாக இருந்துவிட்டால் கரு தூளாக உதிரும். பச்சை முட்டையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 17இல் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் மாதம் முழுவதும் சைவம்; முட்டை அடுக்களைக்குள் வராது. ஜாடியைப் பார்த்து அம்மா, “அது இங்க இருக்கக் கூடாதுப்பா, எங்கயாவது கொண்டு போய் வை” என்றார். அன்று மாலையே அது வேலி தாண்டி போ போவின் கழுவுதொட்டிக்கு அடியில் குடியேறியது. பெருநாள் முழுநிலாவில் வருவதால் பெரும்பாலும் புரட்டாசியில் சிக்கிக்கொள்ளும். கடையில் விற்கும் மூன்கேக்கில் முட்டைக் கரு இல்லாத வகையைத் தேடி வாங்கினாலும், மேலே பளபளப்புக்காகப் பூசுவது முட்டைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே திட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். முட்டையே படாத எட்டு கேக்குகள் பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் வீட்டில்; கரு வைத்த எட்டு, ஞாயிற்றுக்கிழமை போ போ வீட்டில். புரட்டாசிச் சனிக்கிழமையன்று பெருமாளுக்குத் தளிகை போட்டு முடித்த பிறகே ஓவனைத் தொட அனுமதி கிடைத்தது.

தாமரை விதைப் பூரணத்துக்கு வெள்ளிக்கிழமை முழு மாலையும் போயிற்று. உலர்ந்த விதை 600 கிராம், 28 ரிங்கிட். நான்கு மணி நேரம் ஊறிய பிறகு ஒவ்வொரு விதையையும் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் பச்சைக் குருத்தை எடுக்க வேண்டும். குருத்து நீக்கிய விதை என்றுதான் பொட்டலத்தில் எழுதியிருந்தது. நம்பாமல் பிளந்து பார்த்ததில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் குருத்து இருந்தது. அதில் ஒன்றை மென்று பார்த்தேன், வேப்பங்கொழுந்து தோற்றுவிடும். இருபது குருத்து ஒரு சட்டிப் பூரணத்தைக் கசக்க வைக்கப் போதும்.

விதையை விரலால் நசுக்கினால் மாவாகும் வரை, ஏறத்தாழ 50 நிமிடம் வேக வைத்து, வெந்த நீர் கொஞ்சம் சேர்த்து அரைத்தேன். பிறகு அடி ஒட்டாத வாணலியில் அரைத்த விழுதையும் சீனி 350 கிராமையும் போட்டு நடுத்தீயில் கிளறத் தொடங்கினேன். கடலை எண்ணெய் 250 கிராமை ஐந்து தவணையாக, முன் ஊற்றியது முழுதும் உள்ளே போன பிறகே அடுத்தது என்ற கணக்கில் ஊற்றினேன். கடைசிப் பத்து நிமிடத்தில் மால்டோஸ் பாகு 60 கிராம். எங்கள் ஊர் குனோங் ராப்பாட் பகுதியில் ஹியோங் பியாங் பிஸ்கட் செய்கிறவர்கள் உள்ளே வைக்கும் அதே பசைப் பாகுதான் இது. ஈரக் கையால் எடுத்தால் மட்டுமே கையைவிட்டு இறங்கும். அல்வாவுக்குச் சொல்லும் பதமேதான் இதற்கும்: வாணலியை விட்டு உருண்டையாகத் திரண்டு, கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். 65 நிமிடம் ஆயிற்று. ஆகஸ்டுச் சோதனையின் நினைவில், போதும் என்று கை கெஞ்சிய பிறகும் பத்து நிமிடம் கூடுதலாகக் கிளறினேன். தேறியது 1 கிலோ 380 கிராம்.

சனிக்கிழமை மேல்மாவு. எட்டு கேக்குக்கு மெல்லிய கோதுமை மாவு 150 கிராம், பாகு 105 கிராம், கடலை எண்ணெய் 38 கிராம், கார நீர் 3 கிராம். இந்தக் கார நீரைச் சீனக் கடையில் ‘கான் சுயி’ என்று கேட்டு வாங்க வேண்டும். மலாயில் ‘ஆயர் அபு’, அதாவது சாம்பல் நீர். பாகின் புளிப்பை அடக்குவதும் மேலோட்டைச் செம்பொன்னாகச் சிவக்க வைப்பதும் இதன் வேலை. சவர்க்கார வாடைக்குக் காரணமும் இதுவே: 2024இல் கண்ணளவாக இரண்டு தேக்கரண்டி ஊற்றியிருந்தேன். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பாகு, கார நீர், எண்ணெய் மூன்றையும் கம்பிக் கரண்டியால் அடித்து, எண்ணெய் தனியாக மிதக்காமல் ஒன்றான பிறகு மாவைக் கொட்டி, பிசையாமல் மடித்து மடித்துச் சேர்த்தேன். சப்பாத்திக்குப் பிசைவதைப் போல அழுத்தினால் மாவு முறுகி, பிறகு சுருங்கும். முதலில் கையெல்லாம் ஒட்டும் களியாக இருக்கும். இன்னும் மாவு போடத் தோன்றும். அந்த ஆசைக்கு இணங்கியதால்தான் முன்பு மேலோடு ரஸ்க் ஆனது. மூடி இரண்டு மணி நேரம் வைத்ததும் அதே களி, காது மடலைத் தொடுவது போன்ற மென்மைக்கு வந்தது. இந்த ஒப்புமையும் போ போவுடையது. தம் தாயார் காலத்தில் எண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு என்றும், அந்த மணம் இந்தக் கேக்கில் வராது என்றும் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

அச்சு 125 கிராமுக்கானது. 36 கிராம் மேல்மாவு, 89 கிராம் பூரணம் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தே உருட்டினேன். கைதேர்ந்தவர்கள் மேல்மாவை இன்னும் குறைப்பார்கள். பூரணத்தை மூடுவதில் என் கொழுக்கட்டைப் பழக்கம் குறுக்கே வந்தது. கொழுக்கட்டைக்கு மாவைச் சொப்பாகச் செய்து, உள்ளே பூரணம் வைத்து, வாயைக் குவித்து மூடுவோம். இங்கே அப்படிச் செய்தால் வாய்ப் பக்கம் மாவு குவிந்து தடிமனாகி, அடியில் கிழியும். மாவை வட்டமாகத் தட்டி, பூரண உருண்டையின் தலையில் தொப்பியாக வைத்து, உருண்டையைச் சுற்றிக்கொண்டே கட்டைவிரல் பள்ளத்தால் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ள வேண்டும். முதல் மூன்று கிழிந்து ஒட்டுப் போட்டேன். ஐந்தாவதில்தான் கைக்குப் பிடிபட்டது. உள்ளே காற்று நின்றால் ஓவனில் அது வெடிப்பாக வெளியே வரும்.

என்னிடம் இருந்தது 14 ரிங்கிட்டுக்கு வாங்கிய, மேலிருந்து அழுத்தும் பிளாஸ்டிக் அச்சு. போ போ வைத்திருந்தது கைப்பிடியுள்ள பழைய மர அச்சு. கேக்கை உள்ளே அழுத்தி, அச்சின் தலையை மேசை விளிம்பில் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு, பிறகு கவிழ்த்து ஒரு தட்டு. பொத்தென்று கையில் விழும். நான் பதினைந்து முறை தட்டியும் விழாமல், கடைசியில் கத்தியால் நெம்பியதில் ஒரு கேக்கின் முகமே போயிற்று. என் பிளாஸ்டிக் அச்சோடு நான்கு முகத் தட்டுகள் வந்திருந்தன. ஆசைப்பட்டு முயல் தட்டைப் போட்டேன். நிலாவில் பச்சை மணிக்கல் முயல் உட்கார்ந்து உரலில் மருந்து இடிக்கிறது என்பது சீனர்களின் கதை. நமக்கும் நிலாவின் கறை முயற்கறைதான், சந்திரனுக்குச் சசாங்கன் என்ற பெயரே அதனால் வந்தது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்னவோ வடை சுடும் பாட்டியைத்தான். இடிக்கும் முயலானாலும் வடை சுடும் பாட்டியானாலும், மேலே யாரோ சமையல் வேலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். காது மெல்லிய கோடாக இருந்ததால் ஓவனில் முதலில் மறைந்தது அதுதான். அகலமான, ஆழமான கோடுள்ள பூத்தட்டே தேறியது.

ஓவன் வேலை இரண்டு தவணை. உண்மையான 190 பாகையில், மேலே நீரைப் பனியாகத் தெளித்து, ஆறு நிமிடம். இது கோடுகளை நிலைநிறுத்துவதற்கு. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆற வைத்து, பூசி, 165 பாகையில் மறுபடியும் பன்னிரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைக் கேக்குகளுக்கு ஒரு மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி தண்ணீரும் அடித்து வடிகட்டிப் பூசினேன். தூரிகையைப் புட்டியின் விளிம்பில் வழித்து, ஏறத்தாழக் காய்ந்த தூரிகையாக, கோட்டின் மேட்டில் மட்டும் பட வேண்டும். பள்ளத்தில் முட்டை தேங்கினால் பூ மூழ்கிவிடும். சனிக்கிழமைக் கேக்குகளுக்கு ஒரு மேசைக்கரண்டி பாலில் அரைத் தேக்கரண்டி பாகு கலந்து பூசினேன். பளபளப்பு குறைவுதான், கோடு என்னவோ இன்னும் துல்லியமாக நின்றது. வெளிப்படையாகச் சொன்னால், எனக்கு அந்த மங்கலே பிடித்திருந்தது.

முட்டைகளில் ஒன்று ஜாடியிலேயே விரிசல் விட்டிருந்தது, ஒன்று நாறிப் போயிருந்தது, பத்து தேறின. 35 நாள் உப்பில் இருந்த கரு, ஆரஞ்சு நிறத்தில் கோலிக்குண்டைப் போலக் கெட்டியாக வந்தது. வெள்ளையைக் கழுவி நீக்கிவிட்டு, 165 பாகையில் ஆறு நிமிடம் காட்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் சராசரி 13 கிராம். அதற்கேற்பப் பூரணத்தை 76 கிராமாகக் குறைத்தேன். மிஞ்சிய இரண்டு கருவும் போ போவின் கஞ்சிக்குப் போயின.

இனி என் விளையாட்டுச் சோதனை. மூன்கேக் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: மங்கோலியரின் யுவான் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள், எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் எழ வேண்டும் என்ற செய்தியைச் சீட்டில் எழுதி, கேக்குக்குள் மறைத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள், அதிலிருந்து 1368இல் மிங் ஆட்சி பிறந்தது. அக்காலத்து ஆவணங்கள் எதிலும் இதற்குச் சான்று இல்லை. பிற்காலத்தில் கட்டிய கதையாகவே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அது இருக்கட்டும், கேக்குக்குள் வைத்த சீட்டைப் படிக்க முடியுமா என்று பார்க்க நினைத்தேன். ஒரே தாள் துண்டில் பந்துமுனைப் பேனாவால் ஒரு வரி, பென்சிலால் ஒரு வரி எழுதி, மடித்து, சனிக்கிழமைக் கேக் ஒன்றின் பூரணத்துக்குள் வைத்தேன். திங்களன்று பிரித்தபோது தாள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாக இருந்தது. பேனா வரி நீலக் கறையாகப் பரவியிருந்தது. பென்சில் வரி எழுத்துப் பிசகாமல் நின்றது. அக்காலத்துச் சீனர்கள் எழுதிய கரிமையும் பென்சிலைப் போலவே கரியால் ஆனது ஆகையால், கதை பொய்யாக இருந்தாலும் கேக்கின்மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. சீட்டு வைத்த கேக்கும், முகம் போன மர அச்சுக் கேக்கும்தான் பதினாறில் தட்டுக்குப் போகாத இரண்டு.

சுட்டவுடன் மேலோடு கெட்டியாகத்தான் இருக்கும்; 2024இல் அதைத் தோல்வி என்று நினைத்துப் பதறினேன். மூடிய டப்பாவில் வைத்தால் பூரணத்தின் எண்ணெய் மேலோட்டுக்கு ஏறி அதை மென்மையாக்கும். ‘எண்ணெய் திரும்புவது’ என்று இதைச் சொல்கிறார்கள். சனிக்கிழமை சுட்டவை திங்கள் மாலையில் விரல் பட்டால் பள்ளம் விழும் பதத்தில், மினுமினுப்பாக இருந்தன. ஞாயிறு சுட்டவை ஒரே நாள் ஊறியதால் ஓரம் சற்று வறண்டிருந்தது; புதன்கிழமை சாப்பிட்டபோது அவையும் சமமாகிவிட்டன. பெருநாளுக்கு மூன்று நாள் முன்பே சுட்டு முடிப்பதே சரியான கணக்கு.

திங்கள் இரவு போ போ வீட்டு வாசலில் மேசை போட்டார்கள். நடுவில் கேக், ஒரு பக்கம் தம்புன் பம்பளிமாஸ், இன்னொரு பக்கம் அவித்த சேப்பங்கிழங்கும், எருமைத் தலையைப் போல இரண்டு கொம்போடு கறுப்பாக இருக்கும் லிங் கோக் காயும், சிறு கிண்ணங்களில் தேநீரும். ஆண்கள் நிலாவைக் கும்பிடுவதில்லை, பெண்கள் அடுப்புத் தெய்வத்துக்குப் படைப்பதில்லை என்பது அவர்களுடைய பழமொழி. ஆகவே நான் பிள்ளைகளோடு தாங்லோங் விளக்குகளுக்கு மெழுகுவத்தி ஏற்றும் வேலைக்கு அனுப்பப்பட்டேன். பத்துச் சூரியனில் ஒன்பதை அம்பால் வீழ்த்திய ஹோவ் யீயின் மனைவி சாங்-அ, சாகா மருந்தைக் குடித்து நிலாவுக்கு மிதந்து போனாள் என்று போ போ மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்து, கேக்கை வெட்டச் சொன்னார். வட்டம் என்றால் குடும்பம் ஒன்றுகூடுவது. இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் துண்டு போட வேண்டும். நாங்கள் ஒன்பது பேர். வட்டத்தை ஒன்பதாக வெட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். முட்டை படாத துண்டை அம்மா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இனிப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். சரியான தீர்ப்பு, சீனியை 300 கிராமாகக் குறைத்திருக்கலாம்.

பொருள்களுக்கு ஆன செலவு: தாமரை விதை 28, கடலை எண்ணெய் 17, வாத்து முட்டை 12, மால்டோஸ் 6, சீனி இரண்டு கிலோ 5.70, மாவு 4.50, கார நீர் 3, எலுமிச்சை 3, உப்பு 1.50. மொத்தம் 80 ரிங்கிட் 70 சென், ஒரு கேக்குக்கு ஏறத்தாழ ஐந்து ரிங்கிட். இதில் எண்ணெயும் மால்டோஸும் கார நீரும் பாதிக்கு மேல் மிஞ்சின. அச்சும் ஓவன் வெப்பமானியும் தனி, 39 ரிங்கிட். வெள்ளிக்கிழமை மாலையின் கைவலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை விதையைப் பிளப்பதை முதல் நாளே முடித்துவிடுவேன், முயல் தட்டைத் தொட மாட்டேன், மர அச்சை வெறும் மாவில் ஒரு மாதம் பழகிய பிறகே எடுப்பேன். பாகில் பெரும்பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜூலை 20 என்ற தேதியோடு அதே புட்டியில் நிற்கிறது. 2026இல் பெருநாள் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மூன்று நாள் ஊறலுக்குச் செவ்வாய்க்கிழமையே சுட வேண்டும், அதுவும் புரட்டாசிதான். வாத்து முட்டை ஜாடியை இந்தத் தடவை முதலிலிருந்தே தம் வீட்டில் வைக்கும்படி போ போ சொல்லிவிட்டார்.